உரிமம் கையிலிருக்க, கைகட்டி நிற்பதேன்?

ஸ்ரீவராகத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள எஸ்.ஏ.டி. மருத்துவமனையில், எஸ்.எம்.ஏ. என்னும் அரிய தசைச்சிதைவு நோயுற்ற குழந்தைகளுக்கு விலையுயர்ந்த மருந்தை இடது ஜனநாயக முன்னணி அரசு இலவசமாக வழங்கியது. ஆனால் விலையைக் குறைக்கும் அதிகாரம் ஒன்றிய அரசிடமே உள்ளது.

ரோச் நிறுவனத்தின் ரிஸ்டிப்ளாம் ஒரு புட்டி சுமார் 6 லட்சம் ரூபாயாக இருந்தது. நோயாளிகள் நீதிமன்றம் வரை சென்று போராடினர். 2025 அக்டோபரில் தடை விதிக்க நீதிமன்றங்கள் மறுத்தன. நாட்கோ அதே மருந்தை 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது.

2012இல் கட்டாய உரிமம், நெக்சாவர் புற்றுநோய் மருந்தின் மாதச் செலவை 2.80 லட்சத்திலிருந்து 8,880 ரூபாயாக்கியது. அதன்பின் ஓர் உரிமமும் இல்லை. மாறாக, மோடி அரசு 2019இல் புதிய காப்புரிமை மருந்துகளுக்கு 5 ஆண்டு விலைக்கட்டுப்பாட்டு விலக்கு அளித்தது.

கட்டாய உரிமம் என்ற ஆயுதத்தை ஏந்தாத பேச்சுவார்த்தை வெறும் மன்றாட்டே. அதை ஏந்தச் செய்வது மக்கள் இயக்கத்தின் கடமை.