கிந்தனாரும் கடைசிப் பெஞ்சும்

பென்னலூரில் எங்கள் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா சென்ற வாரம் சனிக்கிழமை மாலை நடந்தேறியது. பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் ஆள் ஏற்றிச் செல்லும் தொழிற்சாலை பஸ்கள் இரவு பகல் பாராமல் ஓடுகின்ற ஊர். விழாவுக்கு வந்த தந்தைமார்களில் பலர் இரவு ஷிப்டுக்குப் புறப்படும் கோலத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பத்தாம் வகுப்புப் பையன்கள் ஒரு நாடகம் போட்டார்கள். சினிமாவைப் பரிகாசம் செய்யும் நாடகம். நம் படங்களில் உபாத்தியாயராக வரும் கதாநாயகன் ஒருவன் உண்டல்லவா? அவன் வகுப்பில் காலடி வைத்ததும் எங்கிருந்தோ காற்று வீசும். முரட்டுப் பிள்ளைகள் ஒரே பிரசங்கத்தில் திருந்திவிடுவார்கள். பையன்கள் அவனையே பிடித்துக்கொண்டார்கள். கதாநாயகன் நடந்து வர, மேஜை மின்விசிறி ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி அவனுக்கு முன்னால் ஒருவன் பின்பக்கமாகவே நடந்து வந்தான். பந்தல் அதிர்ந்தது.

"இது என்ன ஸார்? பரிகாசம் செய்யக் கற்றுக்கொடுக்கவா பள்ளிக்கூடம் நடத்துகிறோம்?" என்றார் பக்கத்தில் அமர்ந்திருந்த சக உபாத்தியாயர். அந்தச் சிரிப்பொலியில் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

வசை பாடுவதற்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பரிகாசம் அப்படியன்று, மூலத்தை அக்ஷரம் பிசகாமல் அறிந்தவனுக்கே அது கைகூடும். அமெரிக்காவில் 1952இல் 'மேட்' என்றொரு ஹாஸ்யப் பத்திரிகை தோன்றியது. ஊரெல்லாம் பார்த்த சினிமாவையும் டெலிவிஷன் தொடரையும் சில பக்கச் சித்திரக் கதையாகச் சுருக்கிக் கேலி செய்வது அதன் வழக்கம். மார்ட் ட்ரக்கர் என்னும் சித்திரக்காரர் 1956இல் அதில் சேர்ந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வரைந்தார். அவர் வரைந்த நடிகரின் மூக்கு ஒரு முழம் நீண்டிருந்தாலும், இன்னார் என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும். 1980இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' வரிசைப் படத்தை அப்பத்திரிகை கேலி செய்தபோது, படக் கம்பெனியின் வக்கீல்கள் சீறிக்கொண்டு நோட்டீஸ் விடுத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வாதாடவில்லை. அதே கேலியைப் படித்து மகிழ்ந்து ஜார்ஜ் லூகாஸ் எழுதியிருந்த பாராட்டுக் கடிதத்தின் நகலை அனுப்பிவைத்தார்கள். படத்தைப் படைத்தவரே அவர்தாம்! வக்கீலுக்குக் கோபம் வந்த இடத்தில் படைத்தவருக்குச் சிரிப்பு வந்தது. தம் படத்தை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தவர்கள் வேறு யார் என்று அவருக்குத் தெரியாதா?

அமெரிக்கா வரை போவானேன்? நந்தனார் சரித்திரம் நமக்கெல்லாம் பாடமான கதை. கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிவைத்தார். 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1942இல் ஜெமினி படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்தார். 'ஆனந்த விகட'னை நடத்திய எஸ். எஸ். வாசன்தான் ஜெமினிக்கும் அதிபர். இப்படி ஊரறிந்த கதையைக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' ஆக்கினார். உடுமலை நாராயண கவி எழுதிய அந்தக் காலட்சேபம் 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் இடம் பெற்றது. பாகவதரின் தோரணை, இழுப்பு, குழைவு எல்லாம் அசல் காலட்சேபமே. ஆனால் நந்தன் சிதம்பரம் போகத் துடித்தான். கிந்தனோ படிக்கத் துடித்தான். ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்தான். கல்வி அதிகாரியாகவே ஊருக்கு வந்தான். நந்தன் ஜோதியில் கலந்தான்; திரும்பி வரவில்லை. கிந்தன் திரும்பி வந்தான். நந்தனைத் தீக்குளிக்க வைத்த ஊர், கிந்தனுக்கு முன்னால் கைகட்டி நின்றது. பரிகாசம் நந்தனைப் பற்றியதன்று, ஊரைப் பற்றியது.

பின்னாளில் விஜய் டெலிவிஷனில் வந்த 'லொள்ளு சபா'வும், 2010இல் சி. எஸ். அமுதன் எடுத்த 'தமிழ்ப் பட'மும் சினிமாவைக் கொண்டே சினிமாவைக் கேலி செய்தன. ஒரே பாட்டில் கோடீஸ்வரனாகும் கதாநாயகனை அந்தப் படத்தில் பார்த்துச் சிரித்த பிறகு, அத்தகைய பாட்டை முகம் மாறாமல் பார்ப்பது கஷ்டம். எங்கள் பையன்களுக்கு இவைகளே குருகுலம்.

நிற்க. நாடகத்தின் கடைசிக் காட்சியைச் சொல்லவில்லையே! மேடையில் உபாத்தியாயரின் பிரசங்கம் நடக்கிறது. கடைசிப் பெஞ்சில் ஒரு பையன் கை தூக்குகிறான். பிரசங்கம் நிற்கவில்லை, கையும் இறங்கவில்லை. வலித்துப் போய், தூக்கிய கைக்கு மற்றொரு கையால் முட்டுக் கொடுக்கிறான். மணி அடிக்கிறது. உபாத்தியாயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, "ஏதாவது சந்தேகம் உண்டா? இல்லை. சந்தோஷம்!" என்று தாமே கேட்டுத் தாமே பதில் சொல்லிவிட்டு வெளியேறுகிறார்.

பந்தல் முழுவதும் என் பக்கம் திரும்பிற்று. அந்த வாக்கியம் என்னுடையது. கண்ணாடி துடைப்பதும் என் வழக்கமே. பதினெட்டு வருஷங்களாக அப்படித்தான் வகுப்பை முடித்து வருகிறேன் என்பது அந்த நிமிஷம் வரையில் எனக்குத் தெரியாது. குருபக்திக்காக வருந்திய நண்பரும் இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்னால் சிரிக்க முடிந்தது என்று சொன்னால் அது பொய். ஜார்ஜ் லூகாஸின் மனசு எல்லோருக்கும் உடனே வாய்த்துவிடுவதில்லை.

திங்கட்கிழமை பாடம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றவில்லை. "சந்தேகம் உண்டா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெகு நேரம் கழித்து, கடைசிப் பெஞ்சில் ஒரு கை மெள்ள எழும்பியது. நாடகத்தில் கை தூக்கியவன் அல்லன். நான் இதுவரை குரலே கேட்டறியாத வேறொருவன்.

அவன் கேட்ட சந்தேகம் மூன்று வாரத்துக்கு முந்திய பாடத்தில்.