எது தரிசு? யாருக்குத் தரிசு?

தோழனே!

"பயன்படா நிலம்" என்று பட்டியலிலே எழுதிவிடுவது எளிது. பழவேற்காட்டுக் கரையிலே நின்று அந்தச் சொல்லைச் சொல்லிப் பார், நாக்கூசும்!

தரிசிலும் சீர்கெட்ட நிலத்திலும் எரிபொருட் பயிர் வளர்க்கச் சொன்னது, 2009-ஆம் ஆண்டுத் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை. 2018-ஆம் ஆண்டுக் கொள்கையோ இனிப்புச் சோளத்தைப் பெயர் சொல்லியே எத்தனாலுக்கான மூலப்பொருள்களுள் சேர்த்தது. நல்ல பயிர்தான், மறுக்கவில்லை. மக்காச்சோளமன்று, நம் சோளத்தின் உடன்பிறப்பு. கதிர் உணவு, தட்டையிலே கரும்பைப்போல் சாறு, சக்கை மாட்டுத் தீவனம். ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுவடை. கரும்பைவிடத் தண்ணீரும் மிகக் குறைவு. வானம் பார்த்த மேட்டுநிலத்திலே விதைக்கட்டும், வாழ்த்துவோம்!

ஆனால், எது விளிம்பு நிலம் என்று அளப்பவர் யார்? தரிசுநில வரைபடத்திலே கடற்கரை மணலுக்கு ஓரிடம், உப்புப் படிந்த மண்ணுக்கு ஓரிடம், சதுப்புக்கு ஓரிடம். படமெடுப்பது செயற்கைக்கோள். அது விண்ணேறுவதோ, இதே ஏரிக்கும் கடலுக்கும் நடுவேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து! வாசலிலிருந்து கிளம்பிய கண்ணுக்கு வாசலிலே வாழ்பவன் தெரியவில்லை.

நாடகக்காரன் நான். நண்பகலிலே வந்து வெற்று மேடையைப் பார்த்துவிட்டு, "இங்கே நாடகமே நடப்பதில்லை" என்று கணக்கெழுதுகிறவனை என்னென்பேன்? கோடையிலே வெடித்துக் கிடக்கும் சேற்றுத்தரை, வடகிழக்குப் பருவமழையிலே நீர்ப்பரப்பு. சோளம் ஓரளவு உப்பைத் தாங்கும். மண்ணுப்பை அளக்கும் கணக்கிலே அதன் எல்லை சுமார் 7. கடல்நீரோ ஏறத்தாழ 50! வேரைச் சுற்றி நீர் தேங்கினாலோ பயிர் நலியும்.

பயிருக்கு ஆகாத அந்தக் கரை, வலை உலரும் இடம், கருவாடு காயும் களம். ஏரிக்குள்ளே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் மக்கள் "பாடு" என்ற முறைப்படி மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்து வந்துள்ளனர். கரையிலே கைவைத்தால் அந்த ஒழுங்கு எங்கே நிற்கும்? நம் முன்னோர் இந்த நிலத்துக்கு நெய்தல் என்று பெயரிட்டனர். பாலைக்குக்கூட மக்களையும் தெய்வத்தையும் வைத்தனர். தரிசு என்று எந்தத் திணையையும் தள்ளவில்லை!

அளக்கவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. கோடையிலே ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை மண்ணுப்பை அளக்கட்டும். ஆலை எத்தனை கல் தொலைவு என்று பார்க்கட்டும். வெட்டிய தட்டையை விரைந்து பிழியாவிட்டால் சர்க்கரை குறைந்துவிடும். பிறகு, ஆண்களோடு கருவாடு விற்கும் பெண்களையும் கேட்கட்டும்.

அளவைக்காரர் வரும் நாளில் நீ அங்கே இரு, தோழனே. அவர் கையிலுள்ள தாளிலே வலை உலரும் மணல்மேட்டையும் கருவாட்டுக் களத்தையும் குறிக்கச் செய்.