சோதனையா, குடியேற்றமா?

கரிசல் சீமையில் மழை பொய்த்த வருஷங்களில் ஏழைகளின் அடுப்பை எரியவைத்தது தீப்பெட்டித் தொழிலேயாகும். அத்தொழிலின்மீது 1934இல் எக்சைஸ் வரி விழுந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. வரியின் பெயர் மாறிற்றே யொழியப் பயம் மாறவில்லை. கோவில்பட்டியில் ஒரு கம்பெனி வாசலில் சர்க்கார் வண்டி வந்து நின்றால், வந்தவர் யார், எந்த உத்தரவின்மேல் வந்தார், எதைத் தேடுகிறார் என்று கேட்பவர் எத்தனை பேர்? சாமியாடியின் முன் நிற்பதுபோல் கைகட்டி நிற்பதும், அவர் போனபின் ஜோசியரிடம் ஓடிக் கிரகபலன் கேட்பதுந்தானே நடக்கிறது!

வரி ஏய்ப்பவனுக்கும் கள்ளச்சரக்குக்காரனுக்கும் வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் இறக்குமதி 2023 ஜூனில் தடுக்கப்பட்டது. அதைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவருகிறவன் தீப்பெட்டி அடுக்கும் பெண்ணின் கூலியைத் திருடுகிறவனே. அவனைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் பிடிக்கும் அதிகாரத்துக்கும் எல்லை உண்டா, இல்லையா என்பதே கேள்வி.

1962ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 105ஆவது பிரிவும், ஜி.எஸ்.டி. சட்டத்தின் 67ஆவது பிரிவும் சோதனைக்கு வேண்டுமென்று சொல்வது வெறும் நம்பிக்கையையல்ல, நம்புவதற்குக் காரணத்தை. ஜி.எஸ்.டி.யில் ஜாயிண்ட் கமிஷனருக்குக் குறையாத அதிகாரியின் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். உள்ளூர்ச் சாட்சிகள் வேண்டும். எடுத்த சரக்குக்கு ஆறு மாதத்தில் நோட்டீஸ் தரவேண்டும். மேலதிகாரி மேலும் ஆறு மாதம் நீட்டலாம். அதற்குள்ளும் நோட்டீஸ் இல்லையேல் சரக்கைத் திருப்பித் தரவேண்டும். கதவை உடைக்கவோ முத்திரையிடவோ உள்ள அதிகாரம், உள்ளே விட மறுத்தால் மாத்திரமே.

இப்படியிருக்க, நடந்ததென்ன? 2019 அக்டோபரில் குஜராத்தில் ஜி.எஸ்.டி. உத்தியோகஸ்தர்கள் ஒரு வியாபாரியின் வீட்டில் சோதனைக்கென்று நுழைந்து, அவர் வருகிற வரையில் என்று எட்டு நாள் அங்கேயே தங்கிவிட்டார்கள். வீட்டிலிருந்தவர்களோ பெண்களும் குழந்தைகளும்! சரக்கையும் தஸ்தாவேஜையும் தேடத்தான் சட்டம் இடங்கொடுக்கிறதே தவிர, ஆளைப் பிடிக்கக் குடியேற அல்லவென்று ஹைக்கோர்ட்டு கண்டித்தது. அதற்கு முந்திய வருஷம், உள்ளே விட மறுக்காத ஒரு கம்பெனிக்கு வைத்த முத்திரையை அகற்றும்படி டில்லி ஹைக்கோர்ட்டு உத்தரவிட்டது.

பூட்டுக்கு ஏழை, பணக்காரன் தெரியாது. ஒரு கம்பெனியைப் பூட்டினால் முதலாளிக்கு லாபம் குறையும். பெட்டிக்கணக்கில் கூலி வாங்குகிறவளுக்கோ அன்றிரவு உலை வைக்க வழியிராது. ஆகையால் இது முதலாளிகளின் சங்கதி என்று தொழிலாளிகள் சும்மா இருப்பதற்கில்லை.

எந்த வீட்டிலும் புகுந்து தேடலாமென்று சுங்கக்காரர்களுக்குக் கொடுக்கப்பட்ட பொதுவாரண்டை எதிர்த்து, 1761இல் பாஸ்டன் பட்டணத்தில் ஜேம்ஸ் ஓட்டிஸ் என்ற வக்கீல் வாதாடினார். கேஸ் தோற்றது, கேள்வி தோற்கவில்லை. 1791இல் அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே அத்தகைய வாரண்டுக்குத் தடை ஏற்பட்டது.

நமது சுங்கச் சட்டத்திலும் 136ஆவது பிரிவு ஒன்றிருக்கிறது. காரணமின்றிச் சோதனை போடும் அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் என்கிறது. பேஷ்! ஆனால் அடுத்த பிரிவு, அவர்மீது வழக்கெடுக்க அவருக்கு மேற்பட்டவரின் அனுமதி வேண்டுமென்கிறது. பூசாரியின் குற்றத்தைத் தர்மகர்த்தாவே விசாரிக்கும் கதைதான் இது. இந்த அனுமதி முறை ஒழிய வேண்டும்.

அதுவரையில் நமது கையிலிருப்பது அறிவுதான். அதிகாரி வந்தால் தடுக்காதீர்கள்; காலிலும் விழாதீர்கள். உத்தரவைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். மகஜரை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நகல் கேளுங்கள். வந்த நேரத்தையும் போன நேரத்தையும் குறித்து வையுங்கள். லஞ்சம் கொடுத்து அனுப்புகிறவன் அடுத்த கம்பெனிக்கும் வழிகாட்டி அனுப்புகிறான். சாமியையே ஏன், எதற்கு என்று கேட்கத் துணிந்தவர்கள், சம்பளம் வாங்கும் ஒரு மனிதரைக் கேட்கப் பயப்படுவானேன்?