சந்தா வேண்டாம், பரம்படிக்க வாருங்கள்

மணல் வாலிபால் கோர்ட் போடுவது பெரிய விஷயம் இல்லைங்க. போட்ட பிறகு வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரிய விஷயம். லோன் கொடுப்பது சுலபம், வசூல் பண்ணுவதுதான் கஷ்டம் என்று எங்கள் பேங்க்கில் சொல்வோம். அதே கதைதான்.

புனேயில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் சொசைட்டியின் பின்புறம், புல் மண்டிக் கிடந்த ஒரு மூலையில் இரண்டு வருடமாக ஒரு மணல் கோர்ட் ஓடுகிறது. போட்டது காண்ட்ராக்டர் இல்லை, குடியிருக்கிற ஆட்களே. பாதிப்பேர் மராட்டிக்காரர்கள். மீதி நம்மவர்கள், மலையாளிகள், பீகார், ஒடிசாக்காரர்கள் என்று ஒரு கலவை. இப்போது வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை சுற்றுகிறது. மாதச் சந்தா வைப்போம், அந்தக் காசில் ஆள் போட்டுப் பராமரிப்போம், சந்தா கட்டியவர்கள் மட்டும் ஆடட்டும் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன், முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் கணக்கு. நான் பி.காம்., கணக்கு இல்லாமல் பேச வராது. பீச் வாலிபால் விதிப்படி கோர்ட் 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். சுற்றிலும் குறைந்தது 3 மீட்டர் காலி இடம். மணல் ஆழம் குறைந்தது 40 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 123 கனமீட்டர் மணல் வரும். நம்ம ஊரில் 100 கன அடியை ஒரு யூனிட் என்போம், இங்கே அதையே பிராஸ் என்கிறார்கள். ஏறக்குறைய 43 பிராஸ்! எங்களுக்குக் கட்டுப்படியானது சுற்றிலும் 1 மீட்டர் விட்டு, 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 19 பிராஸ். இதில் போட்டி நடத்த முடியாது. ஆனால் தாராளமாக விளையாடலாம்.

இந்த 19 பிராஸ் ஒருமுறைச் செலவு. அக்கவுண்ட்ஸ் பாஷையில் மூலதனச் செலவு. எல்லாரும் உற்சாகமாகக் கொடுத்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். விஷயமே அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

மணல் ஓடிக்கொண்டே இருக்கும். சர்வீஸ் போடும் இடத்திலும் நெட்டுக்குக் கீழேயும் குழி விழும், ஓரத்தில் மேடு தட்டும். அதை மட்டப்படுத்தாமல் ஆடினால் கணுக்கால் பிசகும். நாற்று நடும் முன் வயலில் பரம்படிப்பார்களே, அதே மாதிரி ஆட்டத்துக்கு முன்னால் பலகை வைத்து இழுக்க வேண்டும். கல், கண்ணாடித் துண்டு, குச்சி எல்லாம் சலித்து எடுக்க வேண்டும். ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடவில்லை என்றால் தெரு நாயும் பூனையும் கழிப்பிடமாக்கிவிடும். அதில் கொக்கிப்புழு வந்தால் வெறுங்காலில் ஆடுகிற குழந்தைகளுக்குத்தான் ஆபத்து. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அடியில் ஜல்லி பரப்பி, மேலே துணி விரித்து, பைப் வைத்துத் தண்ணீருக்கு வழி விட்டிருந்தால்கூட ஓரமாக மணல் அடித்துக்கொண்டு போகும். அக்டோபரில் திரும்பக் கொட்ட வேண்டும். காசு மிச்சம் என்று கட்டிடத்துக்குப் போடும் கிரஷர் மணலைக் கொட்டினால், கூரான துகள் முட்டியைக் கிழிக்கும், தூள் ஈரத்தில் கெட்டித்துத் தரை மாதிரி ஆகிவிடும்.

ஆக, இது வாராவாரம் கை கேட்கிற சமாச்சாரம். அந்தக் கை யாருடையது என்பதுதான் கேள்வி.

சந்தாத் திட்டத்தில் அந்தக் கை யாருடையதாக இருக்கும்? வாட்ச்மேன், இல்லாவிட்டால் தோட்டக்காரர். அதிகாலையில் அவர் பரம்படிப்பார், ஆறு மணிக்கு நாம் இறங்கி ஆடுவோம். சரி, அவர் பையன்? சந்தா கட்டவில்லை என்பதால் வெளியே நின்று, தூரப்போன பந்தை எடுத்துப் போடுவான். இன்றைக்கு அவன் எங்களோடு ஆடுகிறான். எங்கள் டீமில் நல்ல லிஃப்டர் அவன்தான் என்பது தனி விஷயம்!

இது நமக்குப் புதுசும் இல்லை. குடிமராமத்து என்று பெருமையாகச் சொல்வோம், ஊர் கூடி ஏரியும் வாய்க்காலும் தூர்வாருவது. 1858-ல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டமே போட்டான். 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. பெருமை சரிதான். ஆனால் பல ஊர்களில் மண் சுமந்தது நிலமில்லாதவன், தண்ணீர் பாய்ந்தது நிலமுள்ளவன் வயலுக்கு. அதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்? மணல் கோர்ட்டில் நாம் அதைத் திரும்பச் செய்ய வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

இனி நம்மவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. "இன்னும் ரெண்டு வருஷத்துல ட்ரான்ஸ்பர், நமக்கெதுக்கு சார் இந்த வேலை?" இதை நான் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களிடம் கேட்டிருக்கிறேன். வாடகைக்கு இருப்பவனுக்கு சொசைட்டிப் பொதுக்குழுவில் ஓட்டு கிடையாது. பார்க்கிங், தண்ணீர், லிஃப்ட் எதிலும் நம் பேச்சு எடுபடாது. ஆனால் பலகையைப் பிடித்து இழுக்கும்போது ஓனரா, டெனன்ட்டா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. என் மகள் இரண்டு வருடம் ஸ்கூலில் படித்த மராத்தியைவிட அந்தக் கோர்ட்டில் சண்டை போட்டுக் கற்றுக்கொண்டதுதான் அதிகம். சந்தா வந்துவிட்டால் நாம் திரும்பவும் வெறும் வாடிக்கையாளர்கள். பணம் கட்டியவனுக்கு ரசீது கிடைக்கும், கூட மண் அள்ளியவனுக்குத்தான் ஊர் கிடைக்கும்.

2009-ல் பொருளாதார நோபல் பரிசு வாங்கிய எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார், பாசனம், மீன்பிடி, மேய்ச்சல் நிலம் என்று பொதுச் சொத்துகளை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்து, தாங்களே மேற்பார்வையும் பார்க்கிற இடங்களில் பொதுச்சொத்து நீண்டகாலம் நிலைக்க முடியும் என்று காட்டினார். எங்கள் 19 பிராஸ் மணலுக்கும் அது பொருந்தும்.

எதிர்க்கேள்வி வரும், தெரியும். "வேலை செய்தால்தான் ஆட்டம் என்றால் நைட் ஷிஃப்ட்காரன், முதுகுவலிக்காரன் என்ன செய்வான்?" நியாயமான கேள்வி. அதனால்தான் ரிஜிஸ்டர், அட்டெண்டன்ஸ் எதுவும் வேண்டாம் என்கிறேன். ஆட்டத்துக்கு முந்தைய கால் மணி நேரம் பொது வேலை. அப்போது வந்தவர்கள் கை கொடுக்கட்டும். குழந்தைகள் கல் பொறுக்கட்டும், குனிய முடியாதவர் தண்ணீர் தெளிக்கட்டும். லேட்டாக வந்தவர் ஆட்டம் முடிந்து தார்ப்பாய் இழுத்து மூடட்டும். பன்னிரண்டு மணி நேரம் டியூட்டி பார்த்துவிட்டு வருகிற வாட்ச்மேனிடம் யாரும் வேலை கேட்க வேண்டாம்.

மணலுக்குப் பணம் வேண்டாமா? வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்ததும், முடிந்தவர்கள் முடிந்ததைக் கொடுக்கட்டும். பில்லையும் வரவு செலவையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். பணத்தை எடுக்க இரண்டு பேர் கையெழுத்து. ஆனால் கொடுத்த தொகைக்கும் ஆடும் உரிமைக்கும் முடிச்சுப் போடக்கூடாது.

இன்னொன்று, சாயங்காலம் ஒரு மணி நேரம் பெண்களுக்கு என்று ஒதுக்க வேண்டும். ஆண்களுக்கு நெட் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. இறக்கிக் கட்ட ஐந்து நிமிஷம் ஆகுமா? ஆனால் யாராவது இறக்கிக் கட்டினால்தானே அவர்கள் வருவார்கள். இப்போதைக்கு ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழுவில் இதை ஓட்டுக்கு விடுகிறார்கள். நல்லவேளை, இந்த ஓட்டு டெனன்ட்டுகளுக்கும் உண்டு. நான் சந்தாவுக்கு எதிராகத்தான் கை தூக்கப்போகிறேன். தோற்றாலும் தோற்கலாம், சௌகரியம் என்பது பெரிய கட்சி.

நீங்கள் இருக்கும் ஊரில் பார்க்கோ, கோர்ட்டோ, கோயில் நந்தவனமோ, இப்படி ஏதாவது நடக்கிறதா? அங்கே பரம்படிப்பது யார், ஆடுவது யார்? சொல்லுங்களேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் எனக்கும் பேச உதவும்.