வாத்துக் குஞ்சின் கட்டுச்சோறு

2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாத இறுதியில் அமெரிக்காவின் டெலவேர் மாகாணத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் நம் வாசகர்களிற் சிலருக்கு நினைவிருக்கலாம். தபால் இலாகாவின் லாரி ஒன்றில், பெட்டிகளில் அடைக்கப்பட்டிருந்த சுமார் 12,000 பறவைக் குஞ்சுகள் மூன்று தினங்கள் வரை கேட்பாரற்றுக் கிடந்தன. தீனியில்லை, நீரில்லை, தக்க உஷ்ணமுமில்லை. ஏறக்குறைய 4,000 குஞ்சுகள் மாண்டன. பிழைத்தவை பிராணி ரக்ஷணை நிலையம் ஒன்றில் ஒப்படைக்கப்பட்டன. நோய் பரவுமென்ற அச்சத்தால் பொரிப்பகத்தார் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் இயலவில்லை. இதற்கு முன், 2020 ஆகஸ்டில், மெய்ன் மாகாணத்துக் குடியானவர்களுக்கு அனுப்பப்பட்ட குஞ்சுகளில் 4,800-க்குக் குறையாமல் இறந்தே வந்து சேர்ந்தன என்று அம்மாகாணத்துக் காங்கிரஸ் அங்கத்தினரான செல்லி பிங்கிரி முறையிட்டார்.

ராஜ்ய விவகாரங்களுக்குரிய இப்பத்தியில் குஞ்சுகளின் யாத்திரையைப் பற்றி எழுதுவானேன் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் வாசகமும் நல்ல வாசகந்தான். அப்படியிருந்தும், அச்சட்டம் காக்க வந்த ஜீவன்கள் ஆயிரக்கணக்கில் மடிவது எவ்வாறு? இக்கேள்வி ராஜ்ய விவகாரமே என்பது நமது அபிப்பிராயம். பொறுப்பு ஒருவரிடமும் நில்லாமல் கைமாறிக்கொண்டே போனால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

முட்டையினின்று வெளிவருமுன் குஞ்சு, எஞ்சியிருக்கும் மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. தாய்ப் பறவை மற்ற முட்டைகளின்மேல் அடையிருக்கும் வரையில், முன்னால் பொரிந்தவை பட்டினியால் வாடாதிருக்க இயற்கை கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அது. அதை நம்பியே அமெரிக்கத் தபால் இலாகா 1918 முதல் ஒருநாட் குஞ்சுகளை ஏற்று வருகிறது. அதற்கு விதிகளும் உண்டு. குஞ்சு பொரிந்து 24 மணிக்கு மேற்பட்டிருக்கலாகாது. பொரிப்பகத்தார் கட்டிய பெட்டி பிரிக்கப்படாதிருக்கவேண்டும். பொரிந்த தேதியும் மணியும் அதன்மேல் எழுதப்பட்டிருக்கவேண்டும். பெட்டி உறுதியும் காற்றோட்டமும் உடையதாயிருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலோ விடுமுறை நாளிலோ போய்ச் சேராதபடி வாரத் தொடக்கத்திலேயே அனுப்பவேண்டும். பொரிந்த நேரத்திலிருந்து 72 மணிக்குள் உரியவர் கையிற் சேரவேண்டும்.

இவ்விதிகளை இயற்றியவர்கள் அறிவிலிகளல்லர். ஆயினும் காலவரம்பைப் பற்றிய மனித சுபாவம் ஒன்றுண்டு. நீதிஸ்தலங்களிற் பழகியவர்கள் அதை நன்கறிவார்கள். பிராமிஸரி நோட்டின்மேல் வழக்குத் தொடுக்கச் சட்டம் மூன்று வருஷ அவகாசம் தந்தால், கட்சிக்காரர் மூன்றாம் வருஷத்தின் கடைசி நாளிலேதான் வக்கீல் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அபாயத்தின் எல்லையென்று குறித்ததைச் சாதாரண அவகாசமென்று கொள்வதே நமது வழக்கம். குஞ்சு விஷயத்திலும் அதுவே நேர்ந்திருக்கிறது. மூன்று நாட் கெடு குஞ்சின் கையிருப்பு. அதை வியாபாரியும் தபால் இலாகாவும் தங்கள் கையிருப்பாகக் கருதிச் செலவிடுகிறார்கள். மேலும், ஒரே தட்டில் வைத்த முட்டைகள் யாவும் ஒரே வேளையில் பொரிவதில்லை. முதற் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் ஒருநாள் வரை வித்தியாசம் ஏற்படக்கூடும். பெட்டிமேல் எழுதிய மணி கடைசிக் குஞ்சினுடையதாயின், முதற் குஞ்சின் கெடு வழியிலேயே தீர்ந்துபோகும்.

இனி, சிற்றின வாத்துக்களின் விஷயத்தைப் பார்ப்போம். ஆங்கிலேயர் ‘கால் டக்’ என்று வழங்கும் அழைப்பு வாத்து இவற்றுள் பெயர் பெற்றது. முற்காலத்தில் ஹாலந்திலும் இங்கிலாந்திலும் இதன் உரத்த குரலைக் கொண்டு காட்டு வாத்துக்களை அழைத்துப் பொறியில் வீழ்த்தினார்கள், அதனாலேயே இப்பெயர். பெக்கின் ஆண் வாத்து சுமார் 4 கிலோ எடைக்கு வளருமானால், இது முக்கால் கிலோவைத் தாண்டுவது அரிது. குஞ்சும் அதற்கேற்பச் சிறியது. உடல் சிறுக்கச் சிறுக்க, எடையை நோக்க மேற்பரப்பு அதிகம். ஆகவே உஷ்ணம் விரைவில் வெளியேறுகிறது. பொரிந்த குஞ்சு தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள வல்லதன்று. முதல் வாரத்தில் அதற்குச் சுமார் 32 டிகிரி செல்ஷியஸ் வெப்பம் வேண்டும். குளிரில் அகப்பட்டால் வயிற்றிலுள்ள மஞ்சள் கருவைச் சூட்டுக்காகவே எரித்துத் தீர்த்துவிடும். பெரிய கோழிக்குஞ்சைக் கருதி வகுத்த 72 மணி, இதற்கு எப்படிப் பொருந்தும்?

இதனுடன் வேறொரு சங்கடமும் சேர்கிறது. கோழிக்குஞ்சு வாங்குவோர் ஐம்பது, நூறு என்று வாங்குவார்கள். நூறு குஞ்சுகள் ஒன்றையொன்று நெருங்கிச் சூடு காத்துக்கொள்ளும். அழைப்பு வாத்தை அழகுக்காக வளர்ப்போர் கேட்பதோ நான்கு அல்லது ஆறு. பெரிய பெட்டியில் ஆறு குஞ்சுகள் உருண்டு தவிக்கும். குளிருக்கஞ்சித் துவாரங்களை அடைத்தால் மூச்சுத் திணறும். வாத்தின் எச்சம் நீர்த்தது. பெட்டி நனைந்தால் மெல்லிறகு நனைந்து, சூடு பின்னும் குறையும். வழவழப்பான தாளை விரித்தால் கால்கள் அகன்று முடமாவதும் உண்டு. சில வியாபாரிகள் ஒருவரும் கேட்காத ஆண் கோழிக்குஞ்சுகளைச் சூட்டுக்காகக் கூட அடைத்தனுப்புகிறார்கள். ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரை வைக்கோலாக உபயோகிக்கும் இம்முறையை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

அப்படியானால் தபாலில் அனுப்புவதையே தடுத்துவிடலாமே என்பர் சிலர். அது சரியான யோசனையன்று. நகரங்களுக்கு வெகுதூரத்திலுள்ள குடியானவனுக்குத் தபாலே பொரிப்பகம். அருகிவரும் இனங்களைக் காப்பவர்கள் பெரும்பாலும் சிறு அளவில் வளர்ப்போர். தபால் நின்றால் அவர்கள் தொழில் நசித்து, பறவை வளர்ப்பு முழுவதும் பெரிய கம்பெனிகளின் வசமாகும். முட்டையை அனுப்பி அங்கே பொரிக்கச் செய்யலாமென்றால், வழியில் குலுங்கிய முட்டைகளிற் பல பொரிவதில்லை. அழைப்பு வாத்தின் முட்டையோ வீட்டிலிருக்கும்போதே பொரிக்கக் கடினமானது.

ஆகவே தடை வேண்டாம், கெடுவைச் சுருக்கவேண்டும். சிற்றின வாத்துக் குஞ்சுகளுக்கு 48 மணிக்கு மேற்பட்ட பிரயாணம் கூடாதென்றும், அந்நேரத்தை முதலிற் பொரிந்த குஞ்சிலிருந்து கணக்கிடவேண்டுமென்றும் விதி செய்யவேண்டும். வாங்குவோர் கேட்பது சில குஞ்சுகளே யானால், அக்கம்பக்கத்தார் சிலர் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைத்துக்கொள்ளட்டும். அளவான பெட்டி, சறுக்காத விரிப்பு, நீர்ச்சத்துள்ள கூழ்த்துண்டு ஆகியவை விற்பவர் கடமை. கடுங்குளிரிலும் கடுங்கோடையிலும், பணம் வந்துவிட்டதென்பதற்காக அனுப்பாமல், பருவம் மாறும்வரை பொறுப்பதும் அவர் கடமையே. தபால் இலாகாவில் பெட்டி கைமாறும் ஒவ்வோரிடத்திலும் அதை ஏற்றவர் பெயரும் மணியும் பதிவாகவேண்டும். டெலவேரில் நின்ற லாரிக்குப் பொறுப்பாளி இவரென்று ஒருவர் பெயர் குறிக்கப்பட்டிருந்தால், அது மூன்று நாள் நின்றிராது. வாங்குபவர் பெட்டி வருமுன்பே வெப்பமூட்டிய இடத்தைத் தயார் செய்து, தபால் ஆபீஸிலிருந்து தகவல் வந்தவுடன் தாமே சென்று எடுத்து வரவேண்டும். முதலில் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்துக் குடிக்கப் பழக்கி, பிறகே தீனி வைக்கவேண்டும். வாத்துக் குஞ்சாயிற்றே என்று நீந்த விடலாகாது. தாயின் எண்ணெய்ப் பசையில்லாத குஞ்சு நனைந்து விறைத்துவிடும்.

அமெரிக்காவைக் குறைகூறி நாம் மகிழ்வதற்கு இடமில்லை. நம் தேசத்திலும் 1978-ஆம் வருஷத்துப் பிராணிகள் போக்குவரத்து விதிகளில், 2001-ல் பறவைகளுக்கென ஓர் அத்தியாயம் சேர்க்கப்பட்டது. வாத்தும் அதில் அடங்கும். பொரிந்த குஞ்சுகளைத் தாமதமின்றிக் கட்டியனுப்பவேண்டும், பெட்டியை வெயிலிலும் மழையிலும் வைக்கலாகாது, சாயாமல் மட்டமாகத் தூக்கவேண்டும், மேலே வேறு சாமான்களை அடுக்கலாகாது என்றெல்லாம் குஞ்சுகளைப் பற்றி அதில் எழுதியிருக்கிறது. யாவும் நல்ல வார்த்தைகளே. ஆனால் அவற்றைப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்? பஸ்ஸின் கூரைமீதும் ரயில் மேடையின் வெயிலிலும் குஞ்சுப் பெட்டியைக் கண்டு, இது யாருடையது என்று விசாரித்தவர் எத்தனை பேர்? அங்கே குளிர் கொல்வதை இங்கே வெயில் செய்துவிடும்.

சட்டமியற்றும் உரிமைக்காக நம் முன்னோர் சிறை சென்றார்கள். அவ்வுரிமை கிடைத்தபின், இயற்றிய சட்டத்தை ஏட்டில் விட்டுவைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதையன்று. குஞ்சுக்கு வோட்டில்லை, மனுப்போட அறியாது, லாரியின் கதவைத் தட்டவும் இயலாது. அதன் சார்பாகக் கேட்கவேண்டியவர்கள் கண்டவர்களே. அடுத்த முறை ஸ்டேஷனிலோ பஸ் நிலையத்திலோ துளையிட்ட பெட்டியிலிருந்து கீச்சுக்குரல் கேட்டால், நம் வாசகர்கள் ஒரு கணம் நின்று, பெட்டியை நிழலுக்கு நகர்த்தச் சொல்லி, அது எப்பொழுது புறப்பட்டது என்று அதிகாரியைக் கேட்பார்களாக.