ராசா நல்லவருதான்...

"தலைவர் நல்லவருதான், கூட இருக்கிறவங்கதான் சரியில்ல." டிக்கோயா பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். சந்தா மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்படும், சம்பளப் பேச்சுவார்த்தை இழுபடும், ஆனாலும் தலைவர் மேல் குற்றமில்லை. 'மக்பெத்' நாடகத்தின் டங்கன் மன்னனைப் பற்றிப் பரீட்சை நோட்ஸில் இருப்பதும் கிட்டத்தட்ட இதேதான்: நல்லவன், நம்பிக் கெட்டவன். எங்களுக்கு இதில் உடன்பாடில்லை.

டங்கன் உயிரோடு மேடைக்கு வருவது மூன்றே காட்சிகளில். நாடகம் தொடங்கும்போதே நாட்டில் கலகம். போர்க்களத்தில் என்ன நடக்கிறது என்று காயம்பட்ட ஒரு வீரனிடம்தான் ராசா விசாரிக்கிறார். நம்பியிருந்த கோடர் பிரபு துரோகி என்று தெரிகிறது. முகத்தைப் பார்த்து மனசை அறிய வழியில்லை என்று சொல்லி வாய் மூடுவதற்குள் மக்பெத் உள்ளே வருகிறான். கோடர் பட்டம் ஏற்கெனவே அவனுக்குத்தான் போயிருக்கிறது. இப்போது அவன் வீட்டுக்கே விருந்தாளியாகப் போகவும் முடிவாகிறது. ஆளை மாற்றியாச்சு, ஆளை நம்பும் முறை மட்டும் அப்படியே இருக்கு!

இந்த நல்லதனம் ஷேக்ஸ்பியர் கூட்டிவைத்தது. அவர் படித்த ஹொலின்ஷெட்டின் வரலாற்று நூலில் டங்கன் குற்றவாளிகளைத் தண்டிக்கத் தயங்குகிற மென்மையான அரசன். உண்மையான டங்கன் 1040இல் மக்பெத் தரப்போடு நடந்த சண்டையில் செத்தவர், கிழவரும் இல்லை. விருந்தாளியைப் படுக்கையில் கொல்வது அதே நூலில் டஃப் என்ற வேறொரு அரசனின் கதை.

நம்மிடமும் இப்படி ஒரு ராசா உண்டு. பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனார். அங்கேயும் படுக்கையறை, அங்கேயும் ஒளித்துவைத்த கத்தி. வாசலில் நின்ற தத்தன் ராசா தூங்குகிறார் என்று தடுத்தும் முத்தநாதன் சிவனடியார் வேடத்தில் உள்ளே போய்க் குத்துகிறான். வேடத்தை மதித்த மன்னர், கொன்றவனையே பத்திரமாக ஊர் எல்லை தாண்டிவிடச் சொல்கிறார். பக்தனுக்கு அது பெருமைதான், சரி. ஆனால் மறுநாள் அந்த நாடு என்ன பாடுபட்டது என்பது அந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை.

ஷேக்ஸ்பியர் மறுநாளையும் காட்டுகிறார். முதலில் சாவது மயக்க மருந்து கொடுக்கப்பட்ட இரண்டு காவலாளிகள், அதுவும் கொலைப்பழியோடு. பிறகு பாங்கோ. பிறகு மக்டஃபின் மனைவியும் பிள்ளைகளும். இவர்களில் யாரும் மக்பெத்துக்குப் பட்டம் கொடுக்கவில்லை. கூட இருக்கிறவனைத் தெரிவு செய்கிறதும் கண்காணிக்கிறதும்தானே ராசாவுடைய வேலை? அதைச் செய்யாதவரை 'பாவம், நல்ல மனுசன்' என்று எப்படி விட்டுவிடுவது?

டங்கனின் மகன் மால்கம் வேற மாதிரி. இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவனிடம் மக்டஃப் உதவி கேட்டு வரும்போது கட்டிப்பிடிக்கவில்லை. தான் காமுகன், பேராசைக்காரன் என்று பொய் சொல்லி ஆழம் பார்க்கிறான். முதலில் பொறுத்துக்கொள்ளும் மக்டஃப் கடைசியில், நீ ஆளவே தகுதியில்லாதவன் என்று வெடித்த பிறகுதான் நம்புகிறான். நான்காம் அங்கத்தின் மூன்றாம் காட்சி. நீளம் என்று வகுப்பில் அவசரமாகத் தாண்டிப்போகிற காட்சி அதுதான்.