செய்தியாக வந்தால் படிக்கலாம். நாவலாக வந்தால் தடையா?

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் என்று ஒரு நகரம். 1893-ம் ஆண்டில் ஒரு நாள் காலை, அந்த ஊரின் "குளோப் டெமாக்ரட்" பத்திரிகையில் நாடக விமர்சனம் வெளியாகி இருந்தது. முந்தின இரவு நாடகங்கள் எப்படி நடந்தன என்று நிருபர் விரிவாக எழுதி இருந்தார்.

ஆனால் முந்தின இரவு நாடகமே நடக்கவில்லை! மழையினால் ரெயில் பாதை பழுதாகி, நாடகக் கம்பெனிகள் ஊருக்கு வந்து சேரவில்லை. நிருபர் வேறொரு செய்தி சேகரிக்கப் போக வேண்டி இருந்தது. ஆகவே, நாடகக் கம்பெனிக்காரர்கள் கொடுத்திருந்த விளம்பரக் குறிப்பை வைத்துக்கொண்டு, நேரில் பார்த்ததுபோல எழுதிவிட்டார். போட்டிப் பத்திரிகைகள் கேலி செய்தன. நிருபருக்கு வெட்கம் தாங்கவில்லை. ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் வெளியேறினார். சில நாளில் அதே ஊரில் வேறொரு பத்திரிகையில் சேர்ந்துகொண்டார்.

அந்த நிருபரின் பெயர் தியோடர் டிரைசர். வயது 21.

பொய் எழுதிய டிரைசரை உலகம் கேலியோடு விட்டுவிட்டது. ஏழு ஆண்டு கழித்து அவர் உண்மையை எழுதினார். அதை மட்டும் அது மன்னிக்கவில்லை.

ஏழைக் குடும்பம்

டிரைசர் 1871-ம் ஆண்டு இந்தியானா மாநிலத்தில் டெரி ஹாட் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஜெர்மனியில் இருந்து பிழைக்க வந்தவர், கண்டிப்பான கத்தோலிக்கர். வீடு நிறையக் குழந்தைகள். வறுமையின் காரணமாகக் குடும்பம் ஊர் ஊராக மாறியது.

டிரைசர் கல்லூரியில் ஒரே ஆண்டு படித்தார். பிறகு 1892-ல் சிகாகோவில் பத்திரிகை நிருபர் ஆனார். கொலை, தீ விபத்து, ரெயில் விபத்து, போலீஸ் கோர்ட்டு எல்லாம் அவர் கையால் செய்தி ஆயின.

1894-ல் பிட்ஸ்பர்க் நகரத்தில் வேலை பார்த்தபோது அவருக்கு ஒரு பாடம் கிடைத்தது. அது இரும்பாலைகளின் ஊர். இரண்டு ஆண்டுக்கு முன்பு ஆண்ட்ரூ கார்னெகியின் ஹோம்ஸ்டெட் ஆலையில் தொழிலாளர் போராட்டம் நடந்து, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாகி இருந்தன. அந்த ஊரில் பணக்காரர்களைப் பற்றியும், தொழிலாளர் குறையைப் பற்றியும் எழுதக் கூடாது என்று பத்திரிகை ஆபீசில் அவரிடம் சொல்லிவிட்டார்கள். வேடிக்கையான சின்னச் செய்திகளை எழுதிக் கொடுத்துவிட்டு, மீதி நேரத்தை அவர் நூல் நிலையத்தில் கழித்தார். அங்கேதான் பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கின் நூல்களைப் படித்தார். பத்திரிகையில் எழுத முடியாததை நாவலில் எழுதலாம் என்ற எண்ணம் அங்கே முளைத்தது. அந்த நூல் நிலையத்தைக் கட்டிக் கொடுத்தவரும் கார்னெகிதான்!

சகோதரியின் கதை

டிரைசரின் தமக்கை எம்மா, 1886-ல் ஒருவருடன் வீட்டைவிட்டு ஓடிப்போனார். அவர் ஏற்கெனவே மணமானவர்; சிகாகோவில் ஒரு மதுக்கடையில் வேலை பார்த்தவர். முதலாளியின் பணம் 3,500 டாலரை எடுத்துக்கொண்டு போனார். பிறகு பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டார். இது அப்போதே சிகாகோ பத்திரிகைகளில் செய்தியாக வந்தது. படித்தவர்கள் "அடடா!" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள். பத்திரிகையைத் தடை செய்ய வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதே சம்பவத்தை வைத்து டிரைசர் "சிஸ்டர் கேரி" என்ற நாவலை எழுதினார். கதையில் மதுக்கடை மேனேஜர், முதலாளியின் பெட்டியில் இருந்த பணத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். எடுப்பதா, வைப்பதா என்று தவிக்கிறார். அந்த நேரத்தில் பெட்டியின் கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறது! பணம் வெளியே, பெட்டியை அவரால் திறக்க முடியவில்லை. அவர் திருடரா, இல்லையா? இந்தக் கேள்வியைக் கேட்கச் செய்தித்தாளில் இடம் ஏது?

புத்தகத்தை வெளியிடலாம் என்று நியூயார்க்கில் டபிள்டே கம்பெனி ஒப்புக்கொண்டது. முதலாளி ஐரோப்பாவில் இருந்து திரும்பி வந்து கையெழுத்துப் பிரதியைப் பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. கொலை, கொள்ளை இருந்ததால் அல்ல. தவறு செய்த பெண் கடைசியில் அழிந்து போகவில்லை. நாடக நடிகையாகிப் புகழ் பெறுகிறாள். அதுதான் குற்றம்!

டிரைசர் ஒப்பந்தத்தைக் காட்டி வற்புறுத்தினார். 1900-ம் ஆண்டில் புத்தகம் வெளிவந்தது. ஆனால் விளம்பரம் இல்லை. சுமார் ஆயிரம் பிரதிகள் அச்சாகி, 456 மட்டுமே விற்றன. ஆசிரியருக்குக் கிடைத்தது 68 டாலர் 40 சென்ட். அதாவது பிரதிக்கு 15 சென்ட். கதையில் வரும் மேனேஜர் எல்லாம் இழந்து, கடைசி இரவில் தங்கும் அறைக்குக் கொடுக்கும் வாடகையும் அதே 15 சென்ட்.

மனம் உடைந்த டிரைசர் படுக்கையில் விழாத குறைதான். பாட்டு எழுதிப் புகழ் பெற்றிருந்த அண்ணன் பால் அவரைக் கண்டுபிடித்து, உடல் தேறும்படி விடுதிக்கு அனுப்பிவைத்தார். 1907-ல் டிரைசர் ஒரு பெண்கள் பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். கவுன் தைக்க அளவுத் தாள் விற்கும் கம்பெனியின் பத்திரிகை அது. "பெண்கள் படிக்கத் தகாத" நாவலை எழுதியவர், பெண்கள் பத்திரிகையை நன்றாகவே நடத்தினார்.

ஏரியில் நடந்த கொலை

டிரைசரின் பெயரை நிலைநாட்டியது 1925-ல் வந்த "அன் அமெரிக்கன் டிராஜடி". இதுவும் பத்திரிகைச் செய்திதான். 1906-ம் ஆண்டு ஜூலை மாதம், நியூயார்க் மாநிலத்தில் பிக் மூஸ் ஏரியில் கிரேஸ் பிரவுன் என்ற இளம் பெண் இறந்து கிடந்தாள். அவள் கர்ப்பிணி. அவளைப் படகில் அழைத்துச் சென்றவன் செஸ்டர் ஜில்லட். இருவரும் அவனுடைய பெரிய தந்தையின் பாவாடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். ஜில்லட் 1908-ல் மின்சார நாற்காலியில் மாண்டான்.

கிரேஸ் அவனுக்கு எழுதிய கடிதங்கள் கோர்ட்டில் படிக்கப்பட்டன. சிறு புத்தகமாகவும் அச்சாகி விற்றன. ஒரு ஏழைப் பெண்ணின் அந்தரங்கத்தைக் காசு கொடுத்து வாங்கிய யாரும் அதை ஆபாசம் என்று சொல்லவில்லை.

நாவலில் டிரைசர் இன்னும் ஆழமாகப் போகிறார். பையன் கொலை செய்யத்தான் படகில் ஏறுகிறான். ஆனால் கடைசி நிமிஷத்தில் கை எழவில்லை. அவள் அவனை நோக்கி எழுந்து வருகிறாள், அவன் கையில் இருந்த காமிரா அவள்மேல் படுகிறது, படகு கவிழ்கிறது. அவள் தத்தளிக்கிறாள். அவன் காப்பாற்றவில்லை. இது கொலையா? பணக்காரனாகிவிட வேண்டும் என்ற வெறியை அவனுக்கு ஊட்டியது யார்?

பாஸ்டன் நகரத்தில் இந்த நாவலுக்குத் தடை வந்தது. தடையை எதிர்த்து, பதிப்பகத்தின் பங்குதாரர் ஒருவரே ஒரு பிரதியை விற்றுக் கைதானார். 1929-ல் வழக்கு நடந்தது. இரண்டு பாகம் கொண்ட அந்தப் பெரிய நாவல் முழுவதையும் ஜூரிகள் முன் வைக்க நீதிபதி சம்மதிக்கவில்லை. குறிப்பிட்ட சில பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு குற்றம் என்று தீர்ப்பானது. அபராதம் விதிக்கப்பட்டது. மேல் கோர்ட்டும் 1930-ல் அதை உறுதி செய்தது. ஒரு மனிதனின் பேச்சில் நான்கு வார்த்தைகளை மட்டும் பிடுங்கி எடுத்து, "இவன் கெட்டவன்" என்று சொல்வது போன்றது இது.

குழந்தைகள் கையில் எதைக் கொடுப்பது என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. ஏரிக் கொலையைச் சிறுவர்கள் படிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கவலை, அதே கொலை பெரிய எழுத்துத் தலைப்போடு காலை மேஜைக்கு வந்தபோது எங்கே போயிற்று? செய்தியில் குற்றவாளி யாரோ ஒருவன். மரண தண்டனையோடு விஷயம் முடிந்துவிடும். நாவலிலோ அவன் பக்கத்து வீட்டுப் பையனைப்போல இருக்கிறான். கோபத்துக்குக் காரணம் அதுதான்.

அதற்காக டிரைசரை மகான் ஆக்க வேண்டியதில்லை. மனைவியைப் பிரிந்து மனம்போல வாழ்ந்தார். மற்றவர்களின் எழுத்தை எடுத்தாண்டார் என்ற புகாரும் உண்டு. அதைச் சொல்லிக் காட்டிய நோபல் பரிசு எழுத்தாளர் சின்கிளேர் லூயிசை, 1931-ல் ஒரு விருந்திலேயே கன்னத்தில் அறைந்தார். நாடகம் பார்க்காமல் விமர்சனம் எழுதிய வாலிபர் அவருக்குள் கடைசிவரை இருந்தார் போலும்!

அதே 1931-ல் "அமெரிக்கன் டிராஜடி" சினிமாப் படமாயிற்று. சமுதாயத்தின் பங்கை விட்டுவிட்டு, பையனை வெறும் கொலைகாரனாகக் காட்டிவிட்டார்கள் என்று டிரைசர் கோர்ட்டுக்குப் போனார். படத்தை நிறுத்த வேண்டும் என்று கேட்டார். தடைகளால் அவதிப்பட்டவரே தடை கேட்டார்! கோர்ட்டு மறுத்துவிட்டது.

டிரைசர் 1945-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி ஹாலிவுட்டில் காலமானார். "சிஸ்டர் கேரி"யை அச்சுக்குக் கொடுக்கும் முன்பு அவருடைய மனைவியும் நண்பரும் பல பகுதிகளை வெட்டி இருந்தார்கள். அந்தப் பகுதிகளைத் திரும்பச் சேர்த்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1981-ல்தான் நாவலை முழுமையாக வெளியிட்டது. அதைப் பார்க்க டிரைசரும் இல்லை, எம்மாவும் இல்லை.